பெட்ரோல் தொட்டியும் மியூரியலின் மூக்கும்

சுவருக்கு அந்தப் பக்கம் 'டங்' என்று ஒரு சத்தம்.

வெற்றுத் தகரத்தில் இரும்பு மோதுகிற சத்தம். சமையலறையில் ஓட்ஸ் அடையின் மேல் சீஸைத் துருவிக்கொண்டிருந்த மியூரியலின் கை அப்படியே நின்றது. அடுத்து ஏதாவது கேட்கிறதா என்று மூச்சை அடக்கிக் காத்திருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

"வில்ஃப்!"

பதில் இல்லை.

"வில்ஃப்! உயிரோட இருக்கியா?"

"இருக்கேன், இருக்கேன். ஸ்பானர் கை நழுவிடுச்சு." கராஜிலிருந்து கணவனின் குரல் சாவதானமாக வந்தது. "செத்தா சொல்லி அனுப்புறேன். இன்னிக்கும் ஜில்லுனு அடைதானா?"

"ஜில்லுனுதான். பிடிக்கலன்னா தொட்டியத் தூக்கி வெளிய எறி. சுடச்சுட ஆட்டுக்கறி ரோஸ்ட்டே போடுறேன்."

சுவருக்கு அப்பால் அவன் சிரித்தான். மியூரியல் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

பெட்ரோல் தொட்டி வேலை நடக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. அது மியூரியல் போட்ட சட்டம். இரண்டாவது சட்டம் இன்னும் கொடுமையானது. வீட்டுக்கே வெந்நீரும் சூடும் கொடுக்கிற பாய்லர் அந்தக் கராஜில்தான், சமையலறைச் சுவரை ஒட்டி நின்றது. அதன் வயிற்றுக்குள் இரவும் பகலும் அணையாத ஒரு சின்ன நீலச் சுடர். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக மியூரியல் போய்க் கேஸ் குழாயைத் திருகி அந்தச் சுடரைச் சாகடித்துவிடுவாள். பிப்ரவரி மாதத்து பர்ஸ்லெம், இங்கிலாந்தின் பீங்கான் ஆலை ஊர். வெளியே மழையும் பனியும் கலந்து சாய்ந்து அடித்தது. வீட்டுக்குள் இருவரும் கோட்டும் கம்பளித் தொப்பியுமாக நடமாடினார்கள்.

எல்லாம் அந்தக் காரால் வந்தது.

வில்ஃப் டனிக்ளிஃப் வாலிபத்திலிருந்து பீங்கான் சூளையில் பாண்டம் அடுக்கியவன். சூளை மூடப்பட்டு அவனை வீட்டுக்கு அனுப்பியபோது, ஒரு மாதம் சன்னலருகே உட்கார்ந்து தெருவைப் பார்த்தான். அந்த ஒரு மாதத்தை மியூரியலால் மறக்க முடியாது. மலைபோல் நின்ற மனிதன், ஈரக் களிமண் போல நாளுக்கு நாள் சரிந்துகொண்டே போனான். பிறகு ஒருநாள் பெட்டி பெட்டியாக ஒரு கார் வந்து இறங்கியது. கம்பிச் சட்டம் ஒரு கட்டு, ஃபைபர் உடம்பு ஒரு கட்டு, சக்கரம், விளக்கு, மூட்டை மூட்டையாக நட்டு போல்ட்டு. எல்லாவற்றையும் வீட்டிலேயே பூட்டிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டே இரண்டு பேர் உட்காரக்கூடிய, கூரையில்லாத குட்டிக் கார். வில்ஃபின் முதுகு மறுபடி நிமிர்ந்தது. மாலையானால் கராஜிலிருந்து சீட்டியொலி கேட்டது.

"முடிஞ்சதும் உன்னக் கடற்கரைக்குக் கூட்டிப் போறேன் மியூ. வேல்ஸ் மலையெல்லாம் தாண்டி. தலைக்கு ஸ்கார்ஃப் கட்டிக்க, சினிமாக்காரி மாதிரி இருப்ப."

அந்தச் சீட்டியொலிக்காக மியூரியல் எதையும் சகித்துக்கொண்டாள். சோப்பில் ஒட்டிய கிரீஸை, விருந்தறைச் சோபாவில் படுத்திருந்த காரின் கதவை. ஒருநாள் இருக்கை உயரம் பார்க்க அவளையே உள்ளே உட்காரச் சொன்னான். ராணி மாதிரி சாய்ந்து உட்கார்ந்தவள், முதுகுக்குப் பின்னால் இருந்த மெல்லிய அலுமினியத் தகட்டை விரலால் தட்டிப் பார்த்தாள்.

"இதுக்குப் பின்னால என்ன?"

"இப்ப ஒண்ணுமில்ல. பெட்ரோல் தொட்டி அங்கதான் வரும்."

அவ்வளவுதான். மியூரியலுக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. ஏதோ சாக்குச் சொல்லி இறங்கிச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் அழுதாள்.

அவளுக்கு ஓர் அக்கா இருந்தாள். ஐவி. சனிக்கிழமை நடனத்துக்குப் போக ஐவியிடம் ஒரே ஒரு பச்சைக் கோட்டுதான் இருந்தது. காலரில் அழுக்கு. அந்தக் காலத்தில் எல்லாரும் செய்ததுபோல, ஒரு பேசினில் பெட்ரோலை ஊற்றி, பின்வாசல் பக்கம் தரையில் வைத்துக்கொண்டு காலரைக் கசக்கினாள். கணப்பு, அறையின் அந்தக் கோடியில் எரிந்துகொண்டிருந்தது. அவ்வளவு தூரம் இருக்கிறதே என்றுதான் யாருக்கும் தோன்றும். மாடிப்படியில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்த ஒன்பது வயது மியூரியல் அதைப் பார்த்தாள். பெட்ரோலின் ஆவி மேலே போவதில்லை. தண்ணீரைப் போலத் தரையோடு படுத்துப் பரவுகிறது. கணப்பிலிருந்து நீலமாக ஒன்று தரையோடு தரையாக ஓடியது. நெருப்பு அக்காவைத் தேடிக்கொண்டு போனதுபோல இருந்தது. ஐவி பிழைக்கவில்லை. பச்சைக் கோட்டும் மிஞ்சவில்லை.

இதை வில்ஃபிடம் அவள் ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறாள், கல்யாணத்துக்கு முன்பு. 'நெருப்புல போயிட்டா' என்ற ஒரு வரியோடு சரி. அதற்கு மேல் அவளுக்கு வாய் வரவில்லை. அவனும் கேட்கவில்லை.

விதி பாருங்கள், பெட்ரோல் வாசனை தெரியாத மனிதன் ஒருவன் இந்த உலகத்தில் இருந்தால் அது வில்ஃப்தான். எப்போதோ வந்த ஒரு விஷக் காய்ச்சலில் அவன் மூக்கு செத்துவிட்டது. ரோஜாவும் மீனும் அவனுக்கு ஒன்றே. மியூரியலோ பதினைந்து வயதிலிருந்து பீங்கான் ஆலையில் கோப்பை விளிம்புக்குத் தங்கக்கோடு போட்டவள். டர்பன்டைனில் ஒரு சொட்டு எண்ணெய் கூடினாலும் மோந்தே சொல்லிவிடுவாள்.

ஆகவே தொட்டியை முதன்முறை பூட்டி, கொஞ்சம் பெட்ரோல் ஊற்றியதும் வில்ஃப் சமையலறை வாசலில் வந்து நின்றான். "மியூ, உன் மூக்கக் கொஞ்சம் கடன் குடு. எங்கயாச்சும் ஒழுகுதான்னு மோந்து சொல்லு."

அவள் தொட்டியருகே போய் நின்றாள். புது ரப்பர் வாசனை. பெயின்ட் வாசனை. வேறு எதுவும் இல்லை. தொட்டி கச்சிதமாக இருந்தது. 'ஒன்றும் இல்லை' என்று சொன்னால் போதும், கார் ஓடிவிடும். பெட்ரோல் இந்த வீட்டின் சுவருக்கு அப்பால் நிரந்தரமாகக் குடியேறிவிடும். அவன் முதுகுக்குப் பின்னாலேயே அது உட்கார்ந்துகொண்டு ஊர் ஊராகப் போகும்.

"வருது, வில்ஃப்," என்றாள்.

அவன் முகம் விழுந்தது. ஆனால் சந்தேகப்படவில்லை. "உன் மூக்கு சொன்னா சரிதான்." பெட்ரோலை வடித்தான். குழாயைக் கழற்றித் தொட்டியை வெளியே எடுத்தான். தகடுகளை ஒட்டவைத்த இடங்களைத் தையல் தையலாகச் சோதித்தான். திரும்பப் பூட்டினான். மறுபடி கூப்பிட்டான். மறுபடியும் 'வருது' என்றாள். அடுத்த வாரமும் அதையே சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் முட்டி போட்டுக் கழற்ற உட்கார்ந்ததைப் பார்க்கையில், அவளுக்குத் தன் நாக்கைப் பிடுங்கி எறியலாம்போல் இருந்தது. ஆனால் ராத்திரி கண்ணை மூடினால் பச்சைக் கோட்டு வந்தது.

வாசல் மணி அடித்தது. மியூரியல் திடுக்கிட்டு எழுந்தாள்.

டெஸ்மண்ட் பாயிண்டன். பஸ் டிப்போவில் மெக்கானிக், வில்ஃபின் கார் கிளப் தோழர். வாயில் பற்ற வைக்காத புகைக்குழாய், கையில் கருவிப்பை. பர்ஸ்லெம்காரர்கள் யாரையும் பிரியமாக 'வாத்து' என்றுதான் கூப்பிடுவார்கள்; ஆணும் வாத்துதான், பெண்ணும் வாத்துதான். டெஸ்மண்டுக்கு அது இரண்டு மடங்கு.

"என்ன வாத்து, இது வீடா, பிணவறையா? வெளிய மழைல நின்னேன், இதவிடக் கதகதப்பா இருந்துச்சு."

"வில்ஃப் உங்கள வரச் சொன்னானா?" என்றாள் மியூரியல்.

"ஆமா. தொட்டி ஒழுகுதாம், எங்கன்னு தெரியலயாம். ரெண்டு மூக்கு ஒரு மூக்க விட நல்லதில்லயா? போடா சோம்பேறின்னு திட்டிட்டுத்தான் கிளம்பி வந்தேன்."

அந்த நிமிடம் அவளுக்கு ஓடிப்போய்விடலாமா என்று இருந்தது. மாட்டிக்கொள்ளப் போகிறோம் என்ற பயம், நெருப்புப் பயத்துக்கு மேல் ஏறி உட்கார்ந்தது. இரண்டு கோப்பைத் தேநீரை எடுத்துக்கொண்டு, அவர் பின்னாலேயே கராஜுக்குள் இறங்கினாள்.

மழைக்காகக் கராஜின் பெரிய கதவு சாத்தியிருந்தது. காரின் பின்பக்கம் ஜாக்கியில் தூக்கி நின்றது. மூக்கு கீழே சாய்ந்து, உள்சுவரை, அதாவது பாய்லரைப் பார்த்துக்கொண்டிருந்தது. டெஸ்மண்ட் மல்லாக்கப் படுத்துத் தொட்டிக்கு அடியில் நுழைந்தார். வெள்ளை டிஷ்யூக் காகிதத்தைக் கிழித்துக் கிழித்துத் தையல்களிலெல்லாம் ஒற்றினார், மோந்தார், பந்தாகச் சுருட்டி மூலைக்கு எறிந்தார். காகிதப் பந்துகள் பாய்லர் பக்கம் உருண்டன.

"டேய் வில்ஃப். ஒரு பொட்டு ஈரம் இல்லடா."

"நல்லாப் பாரு."

"நல்லாத்தான் பார்த்தேன். தொட்டி தேர் மாதிரி நிக்குது. யாருடா ஒழுகுதுன்னா?"

"மியூ. மூணு தடவையா மோந்து சொல்றா."

டெஸ்மண்ட் எழுந்து துணியில் கையைத் துடைத்தார். கண்ணில் குறும்பு. "வாத்து, உன் மூக்கச் சர்வீசுக்கு விடணும்போல. எங்க டிப்போவுக்கு அனுப்பு, கழட்டிச் சுத்தம் பண்ணித் தரோம்."

வில்ஃப் சிரிக்கவில்லை. அவன் மனைவியைப் பார்த்தான். கோபப் பார்வையாக இருந்தால் தாங்கியிருப்பாள். புரியாத ஒன்றைப் புரிந்துகொள்ள முயலும் பார்வை அது. மியூரியலுக்கு முகத்தை மறைக்க ஒரு வேலை வேண்டும். சிதறிக் கிடந்த காகிதப் பந்துகளைப் பொறுக்குவதுபோலக் குனிந்து, கார் ஓரமாகவே முன்பக்கம் நகர்ந்தாள்.

கடைசிப் பந்துக்குக் கை நீட்டினபோது அது அவள் முகத்தில் அறைந்தது.

பெட்ரோல்.

சந்தேகமே இல்லை. முழங்கால் உயரத்துக்குக் கீழே, கனமாக, குளிர்ச்சியாக, தரையோடு படுத்திருந்தது. நிமிர்ந்தாள், இல்லை. குனிந்தாள், இருந்தது. காரின் மூக்குக்கு அடியில், சிமென்ட்டில், உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் கறுத்திருந்தது.

"இந்தக் குளிர்ல பாவம் உன் உதடெல்லாம் நீலம் பூத்துப்போச்சு." டெஸ்மண்டின் குரல் தலைக்கு மேல் கேட்டது. "தொட்டிதான் சரியா இருக்கே. அந்தப் பாய்லர நானே பத்த வெச்சுக் குடுக்குறேன்."

கேஸ் குழாய் 'கிரீச்' என்று திரும்பியது. கோட்டுப் பையில் தீப்பெட்டி குலுங்கியது.

"வேணாம்! டெஸ்மண்ட், வேணாம்! வருது! இங்க வருது!"

டெஸ்மண்ட் விழுந்து விழுந்து சிரித்தார். "மறுபடியுமா! தொட்டி அந்தக் கோடியில இருக்கு வாத்து. இங்க எப்படி வரும், நடந்தா வரும்?"

"வில்ஃப், சொல்லு அவர்கிட்ட!"

"மியூ," வில்ஃபின் குரல் களைத்திருந்தது. "போதும். விடு."

டெஸ்மண்ட் பாய்லர் முன்னால் முட்டி போட்டார். தகடு ஒன்றைத் திறந்தார். தீப்பெட்டியைத் திறந்தார்.

மியூரியலுக்கு உலகமே அந்தத் தீக்குச்சியின் சிவப்புத் தலையளவுக்குச் சுருங்கியது. கத்தினால் நம்பமாட்டார்கள். அழுதாலும் நம்பமாட்டார்கள். நம்ப வைக்க அவளிடம் ஒரே ஒரு வழிதான் இருந்தது. அந்த வழியில் போனால், முப்பது வருடம் அவளை நம்பியே வாழ்ந்தவன் முன்னால் இனி எந்த முகத்தோடு நிற்பது? யோசிக்க நேரமில்லை. தாவிப்போய் வில்ஃபின் சட்டையைப் பற்றி அவன் காதோடு வாயை வைத்தாள்.

"முன்னாடி சொன்னது பூரா பொய், வில்ஃப். மூணு தடவையும் பொய். எனக்கு எந்த வாசனையும் வரல, பயத்துல சொன்னேன். இது நிஜம். செத்துப்போன ஐவி மேல ஆணை, இது நிஜம்."

அவன் கண்களில் ஏதோ ஒன்று உடைந்து, அடுத்த கணமே வேறொன்று எழுந்தது.

"டெஸ்மண்ட்! குச்சியக் கிழிக்காதே!"

அப்படி ஒரு குரல் அந்த மனிதனுக்குள் இருக்கும் என்று மியூரியலுக்கே தெரியாது. சுவர் அதிர்ந்தது. டெஸ்மண்டின் விரல்கள் அந்தரத்தில் நின்றன. குச்சியின் தலை தீப்பெட்டியின் பக்கத்தைத் தொட்டும் தொடாமலும் இருந்தது.

"என்னடா..."

"பெட்டியில வை. கேஸ மூடு. ஒண்ணுத்தையும் உரசாதே. தரையில மோந்து பாரு."

டெஸ்மண்ட் கேஸை மூடிவிட்டுக் குனிந்தார். கையூன்றி, மூக்கு சிமென்ட்டைத் தொடுமளவுக்குக் குனிந்தார். எழுந்தபோது அவர் முகத்தில் சொட்டு ரத்தமில்லை. புகைக்குழாய் வாயிலிருந்து நழுவி மடியில் விழுந்தது.

"ஐயோ கடவுளே," என்றார்.

விளக்கு ஸ்விட்சைக்கூடத் தொடாமல் பெரிய கதவைத் தூக்கித் திறந்தார்கள். பனிக்காற்று ஊளையிட்டு உள்ளே புகுந்தது. ஜாக்கியை இறக்கி, மூவருமாகக் காரைத் தெரு வாசலுக்குத் தள்ளினார்கள். மியூரியல் கராஜுக்குத் திரும்பி ஓடி, இரண்டு வாளி மணலை அந்த ஈரத்தின் மேல் கொட்டினாள்.

மழையில் படுத்தபடியே டெஸ்மண்ட் தொட்டியின் அடியிலிருந்து முன்பக்கம் எஞ்சினுக்குப் போகும் செப்புக் குழாயை விரலால் தடவிக்கொண்டு போனார். தொட்டியில் சொட்டவில்லை. குழாய் தொட்டியோடு சேரும் இடத்தில் இம்மியளவு கசிந்து, குழாயின் அடிப்பக்கத்தையே பிடித்துக்கொண்டு, பின்பக்கம் தூக்கியிருந்த காரில் சரிவோடு சரிவாக முன்னால் ஓடி, பாய்லர் வாசலில் போய்ச் சொட்டியிருக்கிறது. அவர் அந்த இணைப்பைக் கழற்றி, உள்ளிருந்து ஒரு சின்னப் பித்தளை வளையத்தை உள்ளங்கையில் உதறினார். மோதிரத்தைவிடச் சின்னது. ஒரு பக்கம் நசுங்கி, மயிரிழையாக விரிசல் விட்டிருந்தது.

"இதுதான் எமன்," என்றார். "இந்த வளையம் ஒரு தடவை நசுங்கி உக்காந்தா, உக்காந்ததுதான்டா. கழட்டக் கூடாது. கழட்டினா புதுசு போடணும். அதையே திரும்பத் திரும்பக் கழட்டி முறுக்கியிருக்க. பச்சப்புள்ள பண்ற தப்பு."

மழையில் நின்றிருந்த மியூரியலின் காதில் அது விழுந்தது. முழுதாக விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் காரைப் பிடித்துக்கொண்டாள்.

தொட்டி முதலில் நன்றாகத்தான் இருந்தது. அதை ஒழுக வைத்தது அவள் நாக்கு. ஒவ்வொரு 'வருது'க்கும் ஒரு கழற்றல், ஒவ்வொரு கழற்றலுக்கும் ஒரு முறுக்கு. எந்த நெருப்புக்குப் பயந்து பொய் சொன்னாளோ, அந்த நெருப்பை அந்தப் பொய்யே கைபிடித்து வீட்டுக்குள் கூட்டி வந்திருக்கிறது. இன்னும் ஒரு கணம் பொறுத்திருந்தால்? மியூரியல் நிமிர்ந்து வில்ஃபைப் பார்த்தாள். அவன் அந்த வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் விளங்கிவிட்டது. அவன் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை.

பெட்ரோலையெல்லாம் டெஸ்மண்டின் கேனில் வடித்து அவர் வேனில் ஏற்றினார்கள். காரைத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். உள்ளே வந்து கை கழுவி, ஆறிப்போன தேநீரை நின்றபடியே குடித்தார்கள். டெஸ்மண்ட் கோப்பையை வைத்துவிட்டுக் கருவிப்பையை எடுத்தார்.

"கிளம்புறேன். வீட்டுக்காரிகிட்ட இன்னிக்கு ஒண்ணும் சொல்லமாட்டேன். சொன்னா என் கருவிப்பையவே எரிச்சிடுவா." வாசலில் தொப்பியைப் போட்டுக்கொண்டவர், திரும்பி மியூரியலைப் பார்த்தார். "மூக்கக் கேலி பண்ணதுக்கு மன்னிச்சுக்க வாத்து. உன் தயவுலதான் இன்னிக்கு ராத்திரி ஆஸ்பத்திரிக்குப் பதிலா வீட்டுச் சாப்பாடு."

மியூரியல் தலையை மட்டும் அசைத்தாள்.

டெஸ்மண்ட் படியிறங்கப் போனவர் நின்றார். புருவம் சுருங்கியது. பஸ் எஞ்சினில் புரியாத ஒரு சத்தத்தைக் கேட்ட மெக்கானிக்கின் முகம்.

"ஒண்ணு மட்டும் இடிக்குதுடா வில்ஃப். வளையம் கெட்டதே நீ கழட்டிக் கழட்டிப் போட்டதுலதான். அப்ப முதல் தடவை ஒழுகியிருக்கவே வாய்ப்பில்லயே. அப்புறம் வாத்துக்கு முதல்லயே எப்படி வாசனை வந்துச்சு?"

மியூரியல் கண்ணை மூடிக்கொண்டாள். சொல்லட்டும். சொல்ல அவனுக்கு உரிமை இருக்கிறது. நாளைக்குக் கிளப்பே சிரிக்கட்டும், தெருவே பேசட்டும், 'புருஷன உசிரோட கொளுத்தப் பார்த்தவ' என்று.

"எனக்குத்தான்டா திருப்தி வரல," என்றான் வில்ஃப். "தையல் ஒண்ணு சரியில்லயோன்னு தோணிச்சு. ஒழுகுதா பாருன்னு நாந்தான் இவளப் போட்டு நச்சரிச்சேன். பாவம், நான் நச்சரிச்ச நச்சரிப்புல எவளா இருந்தாலும் இல்லாத வாசனையும் வரத்தான் செய்யும்."

"முட்டாள் பயலே. சூளைல பாண்டம் அடுக்கினவன் அடுக்கிக்கிட்டே இருக்கணும்."

"ஆமா. முட்டாள்தான். மழை வலுக்குது, போ. வேன்ல புகைக்குழாயப் பத்த வெக்காதே, பெட்ரோல் இருக்கு."

"தெரியும்டா, எனக்கா சொல்லித் தர்ற?"

காலடிகள் ஈரத்தில் சளசளவென்று விலகின. வேன் முனகிப் புறப்பட்டது. வில்ஃப் கதவைச் சாத்தினான். தாழ்ப்பாளைப் போட்ட பிறகும் கையை அதன் மேலேயே வைத்துக்கொண்டு, மியூரியலுக்கு முதுகைக் காட்டியபடி நின்றான். ஊர் வாயிலிருந்து அவளைக் காப்பாற்றிவிட்டான்; மன்னித்துவிட்டானா என்று அந்த முதுகு சொல்லவில்லை.